கனடா நகரச் சாலைகள்: ஒரு கோத்தகிரிக்காரனின் மதிப்புரை

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலைப்பாதையின் பராமரிப்பில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தச் சாலையில் போனாலும் அதை மனத்துக்குள் ஆய்வு செய்துகொண்டே போவது பழக்கமாகிவிட்டது. அதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அடுத்து என்ன வரப்போகிறது என்பதை இந்தச் சாலை ஓட்டுநருக்கு எவ்வளவு முன்னதாகச் சொல்கிறது? கொண்டை ஊசி வளைவுக்கு எண் போட்டுப் பலகை வைப்பதும், இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லி எழுதி வைப்பதும், வளைவின் வெளிப்பக்கக் கட்டைச் சுவருக்குக் கறுப்பு வெள்ளை அடிப்பதும் இதற்காகத்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடும் மலைச் சாலை மன்னிக்காது.

2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் டிசம்பர் வரை தங்கியிருந்தோம். இடையில் மாண்ட்ரியாலுக்குக் காரிலும், கால்கரிக்கும் வான்கூவருக்கும் விமானத்திலும் போனோம். அங்கே நான் வண்டி ஓட்டவில்லை. மாப்பிள்ளை ஓட்ட, பக்கத்து இருக்கையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்ததும் கோத்தகிரியில் டானிங்டன் பக்கத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் குளிரையும் அரிசி விலையையும்தான் விசாரித்தார்கள். ஆனால் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மைப் போன்ற பெற்றோர் அங்கே கழிக்கும் நேரத்தில் பாதி இந்தச் சாலைகளின் மேல்தான் போகிறது என்பதால், அவற்றைப் பற்றி எழுதுவதில் பயன் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் 401-ஆம் எண் நெடுஞ்சாலை. விண்ட்சர் நகரத்தில் தொடங்கிக் கியூபெக் மாகாண எல்லை வரை 828 கிலோமீட்டர் போகும் இந்தச் சாலை, டொராண்டோவைத் தொடாமல் வடக்கே ஒதுங்கிப் போவதற்கான புறவழிச்சாலையாகத்தான் அந்தப் பகுதியில் போடப்பட்டது. நகரம் வளர்ந்து அதைத் தாண்டிப் போய்விட்டது. 1963-இல் அகலப்படுத்தத் தொடங்கியவர்கள் இன்று சில இடங்களில் பதினெட்டுத் தடங்களில் வந்து நிற்கிறார்கள். நெரிசல் மிகுந்த பகுதியில் நாளொன்றுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் போகின்றன. முதல் முறை அதில் ஏறியபோது, ஆறு ஒன்று இரும்பாக மாறி ஓடுவதைப் பார்ப்பது போலிருந்தது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனால் அந்தப் பதினெட்டுத் தடங்களையும் ஒரே விரிப்பாகப் போட்டுவிடவில்லை என்பதுதான் அதன் வடிவமைப்பின் சிறப்பு. ஒரு திசைக்கு இரண்டு சாலைகள் என்ற கணக்கில் நான்கு சாலைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. உள்ளே இருப்பவை எக்ஸ்பிரஸ், வெளியே இருப்பவை கலெக்டர். ஊருக்குள் ஏறி இறங்கும் வண்டிகள் பெரும்பாலும் கலெக்டரிலேயே போக, நெடுந்தூரம் போகும் லாரிகள் உள்ளே தொந்தரவில்லாமல் போகின்றன. டவுன் பஸ்ஸையும் வெளியூர்ப் பேருந்தையும் தனித்தனி வரிசையில் நிறுத்தும் பேருந்து நிலையத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறச் சில கிலோமீட்டருக்கு ஓர் இணைப்புத் தடம் உண்டு. எக்ஸ்பிரஸுக்கான பலகைகள் பச்சை நிறத்திலும் கலெக்டருக்கானவை நீல நிறத்திலும் இருப்பதால், எழுத்தைப் படிப்பதற்கு முன்பே தான் எங்கே இருக்கிறோம் என்பது ஓட்டுநருக்குத் தெரிந்துவிடுகிறது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வெளிவழிகளுக்கு இட்டிருக்கும் எண்கூட விண்ட்சரிலிருந்து கணக்கிட்ட கிலோமீட்டர்தான். கென்னடி சாலைக்கு 379 என்றால் அது வரிசை எண்ணாக மட்டும் இல்லாமல் தூரமாகவும் இருக்கிறது. நம் கொண்டை ஊசி வளைவுகளின் எண்ணைப் பார்த்து இன்னும் எத்தனை பாக்கி என்று பேருந்தில் குழந்தைகள் எண்ணிக்கொண்டு வருவார்களே, அந்தக் கணக்கு இங்கே பெரியவர்களுக்கு உதவுகிறது.

ஒரு நாள் மாலை, பேத்தியின் காய்ச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்ததில் மாப்பிள்ளை இணைப்புத் தடத்தைத் தவறவிட்டுவிட்டார். “மாமா, நாம இறங்க வேண்டியது கலெக்டர்ல இருக்கு, நாம எக்ஸ்பிரஸ்ல மாட்டிக்கிட்டோம்” என்று சொல்லிக்கொண்டே, நாங்கள் இறங்க வேண்டிய வெளிவழி வலப்பக்கம் ஒரு தடுப்புச் சுவருக்கு அப்பால் எங்களைக் கடந்து போவதைக் காட்டினார். அடுத்த இணைப்பு வரை போய்த் திரும்பி வந்ததில் பத்து நிமிடம் கூடுதலாகியது. இதில் சாலையின் மேல் குற்றமில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே சொல்லியிருந்தது, கேட்காதவர்கள் நாங்கள்தான். முன்னறிவிப்பில் 401-க்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போடுவேன். குணத்தைக் கேட்டால் மட்டும் மூன்றுக்கு மேல் வராது. இருபுறமும் ஒலித்தடுப்புச் சுவர். எந்த ஊருக்குள் போகிறோம், இடப்பக்கம் யார் வீடு, வலப்பக்கம் என்ன ஓடை என்று ஒன்றும் தெரிவதில்லை. இத்தனை தடம் இருந்தும் வெள்ளிக்கிழமை மாலையில் அசையாமல் நிற்பது வேறு.

இதற்கு வடக்கே இணையாகப் போகும் 407, 1997-இல் திறந்த கட்டணச் சாலை. சுங்கச்சாவடி ஒன்றுகூடக் கிடையாது. வண்டியில் ஒட்டிய கருவியையோ எண் பலகையையோ படித்துப் பில் வீட்டுக்கு வந்துவிடும். 1999-இல் 310 கோடி கனடிய டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகிறது. அவசரமில்லாத என்னைப் போன்றவர்களுக்கு அது தேவையில்லை.

டொராண்டோவின் கார்டினர் சாலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1955 முதல் 1966 வரை கட்டிய இந்தச் சாலை, நகர மையத்தை நெருங்கும்போது தூண்களின் மேல் ஏறி, ஏரிக்கும் ஊருக்கும் நடுவே மேம்பாலமாகவே நெடுந்தூரம் போகிறது. மேலிருந்து பார்க்கும் காட்சியில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கண்ணாடிக் கட்டடங்களின் மாடிகளோடு தோளுரசிக்கொண்டு போகும்போது தெற்கே ஒன்டாரியோ ஏரி விட்டுவிட்டுத் தெரிகிறது. கீழே நின்று பார்த்தால்தான் வேலைக்காரனின் கண்ணுக்கு வேறொன்று படுகிறது. பனிக்காலத்தில் உறைபனியைக் கரைக்கத் தூவும் உப்பு, தளத்தின் இணைப்புகள் வழியாகக் கசிந்து உள்ளேயிருக்கும் கம்பியை அரிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. ஒரு நாள் அது உதிர்கிறது. இப்படிக் கான்கிரீட் துண்டுகள் கீழே விழுந்த செய்திகள் அங்கே பல முறை வந்திருக்கின்றன. ஒரு தூணின் மேல் விளிம்பில், கம்பி விரல் நீளத்துக்கு வெளியே தெரிய, அதைச் சுற்றிச் சதுரமாக வெட்டிப் புதுக் கலவை பூசியிருந்த ஒட்டுவேலையைக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நமக்கு மழையும் மண்ணும் எதிரி என்றால் அவர்களுக்கு அவர்களே தூவும் உப்பு.

கிழக்கே ஒரு துண்டை 2001-இல் இடித்தே எடுத்துவிட்டார்கள். மேற்கே தூண்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தை 2018 முதல் பென்ட்வே என்ற பெயரில் பொதுமக்கள் உலாவும் இடமாக்கி, குளிர்காலத்தில் சறுக்கு வளையமும் போடுகிறார்கள். பாலத்துக்கடியில் குழந்தைகள் சறுக்க, தலைக்கு மேலே லாரிகள் ஓடுகின்றன. அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சாலையாகக் கார்டினருக்கு என் மதிப்பெண் குறைவுதான்: ஏறும் வழிகள் குட்டையானவை, ஓரம் ஒதுங்க இடமில்லாத நீளங்கள் உண்டு, பழுதான வண்டி ஒன்று நின்றால் பின்னால் நகரமே நிற்கிறது.

கார்டினரின் கிழக்கு முனையிலிருந்து வடக்கே ஏறும் டான் பள்ளத்தாக்குச் சாலைதான் டொராண்டோவில் என் மனம் ஒன்றிய சாலை. சுமார் 15 கிலோமீட்டர் நீளம். 1961 முதல் 1966 வரை கட்டம் கட்டமாகத் திறந்தார்கள். டான் ஆற்றின் பள்ளத்தாக்கில், ஆறு வளையும் போக்கிலேயே வளைந்து போகிறது. அக்டோபர் நடுவில் இரு சரிவிலும் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்க, உயரத்தில் 1918-இல் கட்டிய இரும்பு வளைவுப் பாலம் ஒன்றின் மேல் சுரங்க ரயில் வெளியே வந்து கடந்து போக, நாங்கள் அடியில் போனோம். மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்ததை நான் கேட்காமலே கவனித்தேன். நிலத்தை வெட்டி நேராக்காமல் நிலத்தின் பேச்சைக் கேட்டுப் போட்ட சாலையில் ஓட்டுநர் தானாகவே நிதானப்படுகிறார் என்பதை மலையில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆற்றின் பேச்சைக் கேட்டால் ஆற்றின் கோபத்தையும் கேட்கத்தான் வேண்டும். 2013 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் பெருமழையில் இந்தச் சாலை ஆற்றோடு சேர்ந்து ஓடியது, கார்கள் மூழ்கின. நாங்கள் போனபோது ஓரத் தடுப்புக் கம்பியில் ஒரு காய்ந்த புல்கற்றை ஏறக்குறைய என் இடுப்பளவு உயரத்தில் சிக்கியிருந்தது. வெள்ளம் எதுவரை வந்தது என்று நாங்கள் ஓடைச் சிறுபாலங்களில் குறித்து வைப்பது இப்படிப்பட்ட சருகைப் பார்த்துத்தான். நாளொன்றுக்கு 60,000 வாகனங்களுக்காக வடிவமைத்ததில் இன்று அதைவிட மிக அதிகமாகப் போவதால், வண்டிகளை நிறுத்தி வைக்கும் மைதானம் என்று ஊர்க்காரர்களே இதைக் கேலி செய்கிறார்கள். கேலி நியாயம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அருவி பார்க்க ஹாமில்டன் போனோம். அங்கே நயாகரா செங்குத்துச் சரிவை ஊர் மக்கள் மலை என்றே அழைக்கிறார்கள். ஏறக்குறைய நூறு மீட்டர் உயரம். சுமார் 1,800 மீட்டரிலிருந்து போனவன் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் அந்தச் சரிவில் இறங்கும் ரெட் ஹில் பள்ளத்தாக்குச் சாலையின் கதையைக் கேட்டபோது சிரிப்பு போய்விட்டது. 2007-இல் திறந்த அந்தச் சாலையின் மேற்பரப்பில் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பைப் பற்றி 2013-இல் வந்த ஆய்வறிக்கை 2019-இல்தான் மக்களுக்குத் தெரிய வந்தது. நீதி விசாரணை வரை போனது. சாலைக்கும் புதுத் தளம் போடப்பட்டது. ஈரத்தில் வழுக்கும் இறக்கத்தைப் பற்றி நீலகிரிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சாலை சொல்லாததைச் சொல்ல வேண்டியது அதைப் பரிசோதித்தவர்களின் கடமை.

மாண்ட்ரியாலுக்கு 401 வழியாகவே போகலாம்; எல்லை தாண்டியதும் பலகைகள் பிரெஞ்சுக்கு மாறிவிடுகின்றன. மொழி எனக்கு இடைஞ்சலாகத் தெரியவில்லை, அம்புக்குறிக்கு மொழியில்லை. இடைஞ்சல் சாலையின் குணத்தில்தான் இருந்தது. 1967-இல் உலகக் கண்காட்சியை நடத்திய நகரம் அது. அந்த அவசரத்தில் பிறந்தவையாகவே அதன் நகரச் சாலைகள் பலவும் தெரிகின்றன. டெக்காரி என்ற சாலை ஊருக்கு நடுவே தோண்டிய அகழி. இருபுறமும் செங்குத்தான கான்கிரீட் சுவர், தலைக்கு மேல் வரிசையாகக் குறுக்குப் பாலங்கள், ஓரம் ஒதுங்க இடமில்லை. 1987 ஜூலை மழையில் அந்த அகழி நிரம்பிக் கால்வாயானது. மெட்ரோபொலிட்டன் இதற்கு நேர்மாறு. 1960 வாக்கில் வந்த உயர்மட்டச் சாலை, கிலோமீட்டர் கணக்கில் தூண்களின் மேல் போகிறது. இரண்டிலும் ஏறும் வழி அவ்வளவு குட்டை. பின்னால் பார்த்து, வேகம் கூட்டி, இடம் கேட்டு நுழைவதற்குள் வழி முடிந்துவிடுகிறது. சில இடங்களில் வெளிவழி இடப்பக்கம் பிரிகிறது. வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இடப்பக்கம்தான் வேகத்தடம் என்பதை நினைவில் வைத்தால் மாப்பிள்ளையின் நெற்றி ஏன் வேர்த்தது என்பது புரியும். சொல்ல வேண்டியதைக் கடைசி நொடியில் சொல்லும் சாலைகள் இவை. மலையில் இப்படி ஒரு பலகை வைத்திருந்தால் எனக்கு மெமோ வந்திருக்கும்.

ஆயினும் மாண்ட்ரியால் தன் பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறது. 1967-இல் கட்டிய டர்கோட் சாலைச் சந்திப்பு, மூன்றடுக்காக வானத்தில் பின்னிக் கிடந்தது, அரித்துப் போய்விட்டதால் அதை இடித்து 2020 வாக்கில் தரையோடு நெருங்கியதாகப் புதிதாகக் கட்டி முடித்தார்கள். போக்குவரத்தை நிறுத்தாமல் பழையதன் பக்கத்திலேயே புதியதை எழுப்பிய வேலை அது. பொனவாந்தூர் மேம்பாலச் சாலை நகர மையத்துக்குள் நுழையும் பகுதியை எடுத்துவிட்டு, மரங்களும் நடைபாதையும் உள்ள தரைவழித் தெருவாக மாற்றியிருக்கிறார்கள். இந்த அக்கறைக்குப் பின்னால் ஒரு துயரமும் இருக்கிறது. மாண்ட்ரியாலை ஒட்டிய லாவாலில் 2006 செப்டம்பர் 30 அன்று டி லா கான்கார்டு மேம்பாலத்தின் ஒரு பகுதி இடிந்து கீழே போன வண்டிகளின் மேல் விழுந்ததில் ஐந்து பேர் இறந்தார்கள். கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கப்படாததும், கான்கிரீட்டின் தரக் குறைவும், ஆய்வில் இருந்த குறைகளும் விசாரணையில் வெளிவந்தன. கம்பி கட்டி முடித்த பிறகு கான்கிரீட் போடும் முன் யார் இறங்கிப் பார்த்தார்கள் என்ற கேள்வி எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

கால்கரிக்கு நீண்ட பத்தி தேவையில்லை. இடம் தாராளம், சாலை நேர், அறிவிப்புப் பலகை பெரிது, மேற்கே ராக்கி மலைத்தொடர் வரிசையாகத் தெரிவதால் திசை தவறவே முடியாது. பெருஞ்சாலைகளையும் அங்கே டிரெயில், அதாவது தடம் என்றே அழைக்கிறார்கள். டீர்ஃபுட் டிரெயில், சிக்சிகா பழங்குடியைச் சேர்ந்த புகழ்பெற்ற ஓட்டக்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. சுமார் 101 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஸ்டோனி டிரெயில் சுற்றுச்சாலை 2023 டிசம்பரில் முழுமை பெற்றது. அதன் தென்மேற்குப் பகுதி சூட்டினா பழங்குடியினரின் நிலத்தின் வழியாகப் போவதால், அவர்களோடு 2013-இல் உடன்பாடு செய்துகொண்ட பிறகே வேலை நடந்தது. அந்தப் பகுதிக்கு அவர்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வடக்கே எட்மண்டன் தன் 78 கிலோமீட்டர் சுற்றுச்சாலையை 2016-இலேயே முடித்துவிட்டது. அங்கே நான் போகவில்லை. வடிவமைப்பில் குறை காண முடியாத சாலைகள். தூக்கம் வருகிறது.

வான்கூவரில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, நெடுஞ்சாலை இல்லாததுதான். விமான நிலையத்திலிருந்து நகர மையம் வரை சிக்னலில் நின்று நின்று, வீடுகளையும் கடைகளையும் பார்த்துக்கொண்டே போனோம். 1960-களின் இறுதியில் நகர மையத்துக்குள் பெருஞ்சாலை கொண்டுவரத் திட்டமிட்டபோது சைனாடவுன், ஸ்ட்ராத்கோனா மக்கள் எதிர்த்து நின்று தடுத்தார்கள். அதற்குள் கட்டப்பட்டுவிட்ட ஜார்ஜியா, டன்ஸ்முயர் மேம்பாலங்கள் மட்டும் 1972 முதல் நிற்கின்றன. அவற்றுக்காக ஹோகன்ஸ் ஆலி என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு அழிந்தது. அவற்றையும் இடிக்க 2015-இல் நகர மன்றம் தீர்மானித்துவிட்டது. டொராண்டோவிலும் ஸ்படைனா பெருஞ்சாலையை 1971-இல் அன்றைய மாகாண முதல்வர் பாதியில் நிறுத்தினார். அதன் மிச்சம் எக்ளிண்டன் தெருவில் சட்டென்று முடிந்து நிற்பதை மகள் காட்டியிருக்கிறாள். ஆனால் ஒரு நகர மையமே பெருஞ்சாலை வேண்டாமென்று இருந்துவிட்டதை வான்கூவரில்தான் பார்த்தேன். போய்ச் சேர நேரமாகிறது என்று மாப்பிள்ளையின் தம்பி குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு அந்த நேரம் வீணாகத் தெரியவில்லை.

அந்த ஊரில் நான் இரண்டு முறை கேட்டுப் போன இடம் லயன்ஸ் கேட் பாலம். 1938-இல் திறந்த தொங்கு பாலம். இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட நடுக் கண்ணி 473 மீட்டர். மொத்தம் மூன்றே தடங்கள். 2000, 2001 ஆண்டுகளில் இரவு நேரங்களிலும் சில வார இறுதிகளிலும் போக்குவரத்தை நிறுத்தி, தளத்தைத் துண்டு துண்டாக எடுத்துப் புதிது பொருத்தி, மீண்டும் வண்டிகளை விட்ட வேலை அங்கே நடந்தது என்று படித்திருந்தேன். அதைப் பார்க்கவே போனேன். நடுத்தடம் காலையில் ஒரு திசைக்கும் மாலையில் மறு திசைக்கும் மாறுகிறது. தடத்தின் மேல் பச்சை அம்பு இருந்தால் போகலாம், சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் போகக்கூடாது. இரண்டு திசைக்கும் நடுவே சுவரோ கம்பியோ கிடையாது. விளக்கு மாறும் நேரத்தில் நடுத்தடம் சற்று நேரம் முழுவதும் காலியாகக் கிடந்தது. இரு பக்கமும் வண்டிகள் நெருக்கிக்கொண்டிருக்க, அந்தக் காலித் தடத்தில் ஒருவரும் நுழையவில்லை.

2009 நவம்பர் நிலச்சரிவுக்குப் பிறகு எங்கள் மலைப்பாதையில் ஓரிடத்தில் ஒரு வண்டி அகலம் மட்டுமே மிஞ்சியிருந்தது. வளைவுக்கு அப்பால் நிற்கும் ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டார், மழையில் விசில் கேட்காது, செல்போனும் எடுக்காது. அதனால் வரிசையாக விடும் வண்டிகளில் கடைசி வண்டியின் ஓட்டுநர் கையில் ஒரு சில்வர் ஓக் கிளையைக் கொடுத்து அனுப்புவோம். கிளை வந்து சேர்ந்தால்தான் மறுமுனையில் இருப்பவர் எதிர்த் திசையைத் திறப்பார். பத்து நாள் அப்படித்தான் நடந்தது. ஒரே ஒரு முறை, கிளையை வாங்கிய ஓட்டுநர் அதைக் கொடுக்க மறந்து மேட்டுப்பாளையம் வரை கொண்டுபோய்விட்டார். ஆள் அனுப்பி விசாரிக்கும் வரை முக்கால் மணி நேரம் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன.